ஒரு நாளைக்கு எத்தனை குன்று ஏறலாம்?

போன இதழில், படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் இத்தாலியில் இருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் அந்தக் குன்றின் மேல் இருக்கும் பழைய ஊர்களைப் பற்றித்தான். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஃபிளாரன்ஸில் முதுகலை படிக்கிறேன். வருகிற சனிக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. சியேனா, சான் ஜிமிஞானோ, வோல்தேரா, முடிந்தால் மோந்தேரிஜ்ஜோனி என்று நான்கு ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். கார் கிடையாது. முடியுமா?
– ஒரு மாணவர், ஃபிளாரன்ஸ்

பதில்: நான்கு ஊரின் பஸ் ஸ்டாப்பையும் பார்க்கலாம் தம்பி, ஊரைப் பார்க்க முடியாது. மேப்பில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும், அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒவ்வோர் ஊரும் தனித்தனிக் குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் கீழே இறங்கி, போஜ்ஜிபோன்சியிலோ கோல்லே டி வால் டெல்ஸாவிலோ உங்களை இறக்கிவிட்டு, அடுத்த பஸ் வருகிறவரை காக்க வைத்து, அப்புறம்தான் மறுபடி மேலே ஏறும். கார் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

ஒரே நாள்தான் என்றால் சியேனா மட்டும் போங்கள். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. 'ராப்பிடா' என்று போட்டிருக்கும் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். 'ஒர்தினாரியா' என்றால் நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி எல்லா இடத்திலும் நின்று நின்று போகும். ரயிலும் உண்டு, ஒன்றரை மணி நேரம், சில நேரம் எம்போலியில் மாற வேண்டியிருக்கும். ஆனால் சியேனா ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது, எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் புகுந்து எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறித்தான் ஊரைப் பிடிக்க வேண்டும். பஸ் என்றால் மேலேயே கொண்டுபோய் விட்டுவிடும்.

இறங்கியதும் கதீட்ரலுக்கு ஓடாதீர்கள். முதலில் காம்போ சதுக்கம். சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரம் இல்லை, பெரிய சிப்பியை நிமிர்த்தி வைத்த மாதிரி நகர மன்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் செங்கல் தரை. வெளிர் நிறக் கல் கோடுகள் அதை ஒன்பது துண்டாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்டது ஒன்பது பேர் கொண்ட சபை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒன்பதுதான் தரையில் இருக்கிறது. ஓரத்தில் நாற்காலி போட்ட கடைகளில் உட்கார்ந்து காசைக் கரைக்காதீர்கள். செங்கல்மேலேயே காலை நீட்டி உட்காருங்கள், எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், சில பேர் நன்றாகத் தூங்கியும்விடுவார்கள்.

அப்புறம் நகர மன்றத்துக்குள் அந்த ஒன்பது பேர் கூடிய அறை. அம்ப்ரோஜோ லோரென்சேத்தி 1338–39இல் சுவரில் வரைந்த 'நல்லாட்சி, கெட்ட ஆட்சி' ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. நல்லாட்சி நடக்கும் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் அரசரையோ போரையோ வரையவில்லை. கட்டடத்தின் உச்சியில் சாரம் கட்டி வேலை செய்கிறார்கள், செருப்புக் கடையில் வியாபாரம் நடக்கிறது, ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார், தெருவில் சிலர் கை கோத்து ஆடுகிறார்கள். மதிலைத் தாண்டினால் வயலும் வண்டிப்பாதையும், அதன்மேல் 'பாதுகாப்பு' என்ற பெண் உருவம் பறந்துகொண்டிருக்கிறது, கையில் தூக்குமரம், அதில் ஓர் ஆள் தொங்குகிறான்! நல்லாட்சிக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது. மறுசீரமைப்பு வேலைக்காக அறையை மூடியிருக்கிறார்களா என்று டிக்கெட் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதீட்ரலை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தூண்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வெளியே தனியாக நிற்கும் ஒரு பெரிய சுவர். இருந்த கோயில் போதாது, அதைக் குறுக்குக் கூடமாக ஆக்கிக்கொண்டு இன்னும் பெரிதாக ஒன்று கட்டுவோம் என்று 1339இல் தொடங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது. கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. சுவர் அப்படியே நின்றுவிட்டது. அதன் உச்சிக்கு ஏறலாம், மேலிருந்து காம்போவும் சுற்றியுள்ள வயல்களும் தெரியும்.

திரும்பி வரும்போது தெருமுனைகளில் சின்னச் சின்ன ஓடுகள் பதித்திருப்பார்கள், நத்தை, வாத்து, ஆமை, ஒட்டகச்சிவிங்கி என்று. அவை ஊரின் 17 பேட்டைகளின் எல்லைக் குறிகள். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் காம்போவில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயம் இந்தப் பேட்டைகளுக்கு இடையில்தான். ஒரு தடவைக்குப் பத்துப் பேட்டைகள், சேணம் இல்லாத குதிரை, மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். பரிசு, படம் எழுதிய ஒரு பட்டுக்கொடி. அந்த இரண்டு நாளில் ஊரைச் சுற்றிப்பார்க்கலாம் என்று மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி: சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, இந்தக் குன்றூர்களுக்கு ஞாயிறு போகலாமா?
– ஒரு மாணவி, போலோஞா

பதில்: போகலாம், ஆனால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இத்தாலி மொழி அரைகுறை. ஒரு ஞாயிறு சான் ஜிமிஞானோ போனேன். பஸ் அட்டவணையில் 'ஃபெரியாலே', 'ஃபெஸ்திவோ' என்று இரண்டு பகுதி. 'ஃபெரியே' என்றால் விடுமுறை என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன், அதனால் ஃபெரியாலேதான் விடுமுறை நாள் அட்டவணை என்று முடிவு கட்டி, அதில் இருந்த கடைசி பஸ்ஸுக்குச் சாவகாசமாக வந்து நின்றேன். ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரை, வேலை நாள்! ஃபெஸ்திவோதான் ஞாயிறும் பண்டிகையும். கடைசி பஸ் எப்போதோ போயிருந்தது. என்னை மாதிரியே நின்றிருந்த இரண்டு பேரோடு பங்கு போட்டு டாக்ஸி பிடித்து போஜ்ஜிபோன்சி ரயில் நிலையம் போனதில் அந்த வாரச் சாப்பாட்டுக் காசு பாதி போயிற்று.

போய் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள், 'டி' எழுத்துப் பலகை வைத்த புகையிலைக் கடைகளில் கிடைக்கும். காகித டிக்கெட் என்றால் மெஷினில் முத்திரை குத்த மறக்கக் கூடாது. டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான், மாணவி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: சான் ஜிமிஞானோ படத்தைப் பார்த்தேன். இவ்வளவு சின்ன ஊரில் ஏன் அத்தனை கோபுரம்? கோயிலா, கோட்டையா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்துக்காரர் கோபுரம் என்றதும் கோயில் என்று நினைப்பது நியாயம்தான். இவை வீடுகள், சரியாகச் சொன்னால் வீட்டுக்காரர்களின் வீம்பு. வடக்கிலிருந்து ரோமுக்கு யாத்திரை போகும் பாதை ஊர் வழியாகப் போனது, குங்குமப்பூ வியாபாரத்திலும் பணம் கொழித்தது. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றை மிஞ்சி ஒன்று கோபுரம் எழுப்பின, சண்டை வந்தால் உள்ளே புகுந்துகொள்ளவும் அது உதவியது. போப்பின் கட்சியில் அர்திங்கெல்லி குடும்பம், புனித ரோமப் பேரரசரின் கட்சியில் சல்வூச்சி குடும்பம், இரண்டுக்கும் தீராத பகை. உச்சக்கட்டத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஊராட்சிக் கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்று விதி போட்டதும், உயரத்தைக் கூட்ட முடியாத சல்வூச்சிகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை. இரட்டைக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

இன்றைக்கு மிஞ்சியவை 14. மற்ற ஊர்க்காரர்களும் இப்படித்தான் கட்டினார்கள், ஆனால் வசதி வரவர இடித்துவிட்டுப் புது மாளிகை கட்டிக்கொண்டார்கள். இவர்களுக்கு 1348இல் கொள்ளைநோய், 1353இல் ஃபிளாரன்ஸுக்கு அடிபணிய வேண்டிய நிலை. யாத்திரைப் பாதையும் விலகிப் போயிற்று. இடித்துக் கட்டக் கையில் காசு இல்லாததால் பழையது தப்பியது. 1990இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கோபுரங்களைப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகு கிணற்றுச் சதுக்கத்துக்கு வந்து, நடுவில் உள்ள கிணற்றின் கல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளங்கள், விரல் உள்ளே போகும். நம் பாட்டி வீட்டுக் கிணற்றில் பார்த்த அதே தேய்மானம்தான். அரை நாள் போதும் இந்த ஊருக்கு. பதினோரு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்களில் வரும் கூட்டம் தாங்காது.

கேள்வி: தண்ணீர் கீழே ஓடுகிறது, வயல் கீழே இருக்கிறது. எதற்காக மலைமேல் போய் ஊரைக் கட்டினார்கள்?
– ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

பதில்: முதல் காரணம் பயம், எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். இரண்டாவது காய்ச்சல். தாழ்வான இடங்களில் பல பகுதி சதுப்பு, அங்கே படுத்தால் காய்ச்சல் வரும் என்று தெரியும், கொசுதான் காரணம் என்று தெரியாது. 'மாலா ஆரியா', கெட்ட காற்று என்றார்கள். மலேரியா என்ற சொல்லே அதுதான்.

தண்ணீருக்கு நீங்கள் சொல்வது மாதிரியே திண்டாடினார்கள். சியேனாவுக்கு அடியில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய் குடைந்திருக்கிறார்கள், 'போத்தீனி' என்று பெயர். பாறையில் கசியும் நீரைச் சேர்த்து மெல்லிய சரிவில் ஊரின் நீர்த்தொட்டிகளுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. பூமிக்கடியில் தியானா என்று ஓர் ஆறு ஓடுகிறது என்று நம்பித் தேடியவர்களை இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் கிண்டலே செய்திருக்கிறார்.

பொறியாளர் என்பதால் ரோமுக்கு வடக்கே உள்ள ஓர்வியேதோ என்ற குன்றூரின் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமெண்ட் தப்பி இந்த ஊருக்கு வந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று இளைய அந்தோனியோ ட சங்கால்லோவை வைத்து 53 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டச் சொன்னார். உள்ளே வட்டமாக இரண்டு படிவரிசைகள், ஒவ்வொன்றிலும் 248 படி, ஒன்றோடொன்று சந்திக்கவே சந்திக்காது. கழுதை ஒன்றில் இறங்கித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மற்றதில் ஏறி வரும், எதிரே வரும் கழுதைக்கு வழிவிட வேண்டிய வேலையே இல்லை. வெட்டி முடிப்பதற்குள் போப் இறந்துவிட்டார்.

கேள்வி: ரோமில் இருக்கிறேன். சியேனா எல்லாம் இருக்கும் டஸ்கனி மாநிலம் வரை போக நேரமில்லை. பக்கத்தில் எங்கே போகலாம்?

பதில்: மேலே சொன்ன ஓர்வியேதோதான். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் அளவுக்கு ஆகும். நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில், உட்கார்ந்தால் சில நிமிடத்தில் பாறையின் உச்சி. ஊருக்கு அடியில் குடைந்த குகைகளையும் பாருங்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், அதில் புறா வளர்த்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றாலும் இந்த ஊரே மேல், கிணற்றில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: நான் சைவம். அங்கே என்ன கிடைக்கும்?

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள். சியேனா பக்கம் 'பிச்சி' என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். பூண்டு தக்காளிச் சாறு ஊற்றித் தரச் சொல்லுங்கள், 'ரகூ' என்றால் இறைச்சி. பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டு வேகவைக்கும் 'ரிபொல்லீதா' நம் நாக்குக்குப் பிடிக்கும், இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது, மறந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், டஸ்கனியில் அப்படித்தான். பெக்கொரீனோ சீஸைப் பழைய முறையில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் நொதி சேர்த்து உறைய வைப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டரைக்கு மேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். பையில் ஒரு பான்ஃபோர்த்தே துண்டு வைத்துக்கொள்ளுங்கள், பாதாமும் தேனும் மசாலாவும் போட்டு இறுக்கிய பண்டம், ஒரு கடி கடித்தால் ஒரு மணி நேரம் தாங்கும்.

கேள்வி: இந்த ஊர்களுக்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– ஒரு தமிழாசிரியை, திண்டுக்கல்

பதில்: உண்டு. 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டித் துறவி போல வாழ்ந்து, தமிழில் உரைநடை நூல்கள் எழுதிய தத்துவ போதகர், அதாவது ராபர்ட் டி நொபிலி. அவர் குடும்பத்தின் பூர்வீகம் மோந்தேபுல்சியானோ, சியேனாவுக்குத் தென்கிழக்கே உள்ள இன்னொரு குன்றூர். பார்க்க வேண்டும் என்றால் ஃபிளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வருவது சிரமம், ரயில் நிலையம் ஊரிலிருந்து வெகு தூரம் கீழே. ஓர் இரவு தங்கிவிடுங்கள்.