வாசனைத் தூள் எதற்கு? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு கினிபிக் (வாலில்லாத சிறு கொறிக்கும் பிராணி) வாங்கினோம். இப்போது ஒன்பது ஆகிவிட்டது. மூன்றாம் மாடி பால்கனியில் நாலடிக்கு இரண்டடிக் கூட்டில் வைத்திருக்கிறோம். மரம் அறுக்கிற மரக்காலையில் எடுத்த மரத்தூளைப் பரப்பி, ஞாயிறுதோறும் கழுவுகிறேன். புதன்கிழமைக்குள் கண் எரிகிற அளவுக்கு நாறுகிறது. பக்கத்து வீட்டாரும் முறைப்பாடு சொல்கிறார்கள். கடைக்காரர் தந்த வாசனைத் தூளும் ஸ்பிரேயும் அரை நாளைக்குத்தான் தாங்குகின்றன. ஒன்று தும்மிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தூள் நல்லது? (ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: எந்தத் தூளும் வேண்டாம், தங்கச்சி. நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய தும்மலைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சிறுநீர் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அமோனியாவாக்கும். உங்கள் கண்ணை எரிப்பது அதுதான். நீங்கள் நின்றபடி முகர்கிறீர்கள். கினிபிக்குகளின் மூக்கு தரையிலிருந்து ஓர் அங்குலத்தில் இருக்கிறது. உங்களுக்கு எரியும்போது அவை எத்தனையோ மணிநேரம் அதைச் சுவாசித்து முடித்திருக்கும். சுவாசக்குழாய் புண்பட்டால் நிமோனியா வர அதிக நாள் எடுக்காது. தும்முகிறதைத் தனியாக வைத்து, நாளைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் கினிபிக்கின் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, உயிரே போகலாம்.

வாசனைத் தூள் அமோனியாவைப் போக்காது. உங்கள் மூக்கைத்தான் ஏமாற்றும். புண்பட்ட சுவாசக்குழாய்க்கு மேலே இன்னொரு தூளும் ஒரு வாசனை எண்ணெயும் சேரும், அவ்வளவுதான். விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கூட்டை ஒழுங்காக வைத்திருப்பவர் திரும்பவும் கடைக்கு வரமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மரத்தூளையும் இன்றே நிறுத்துங்கள். மரக்காலைத் தூளில் எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது. மாவு போன்ற தூசி மூக்கில் ஏறும். மேல்பக்கம் காய்ந்தது போலிருக்கும், கீழே களியாகக் கிடக்கும். கொழும்புக் காற்றில் அது தானாகக் காயவே காயாது.

நான் யார் கேட்டாலும் சொல்வது காய்ந்த கினிப் புல். வெளிநாட்டு உலர்புல் பைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நம் நாட்டில் மூலைக்கு மூலை வளர்கிற புல் இது. ஆனால் ரயில் பாதையோரமும் தெருவோரமும் வெட்டியது வேண்டாம். களைகொல்லியும் நாய் மூத்திரமும் பட்டிருக்கும். மாடு வளர்க்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் கட்டாக வெட்டித் தருவார்கள். பூ வருமுன் வெட்டிய இளம்புல்லாகக் கேளுங்கள். மொட்டைமாடியில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். முறுக்கினால் சரசரக்க வேண்டும், பச்சை நிறமும் போகக்கூடாது. துணிச் சாக்கில் கட்டிவையுங்கள். பொலித்தீனில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண மணம் ஒரு பிடியில் வந்தாலும் அந்தச் சாக்கு முழுவதையும் எறிந்துவிடுங்கள். மே மாதத்தில் மழை இறங்குமுன் இரண்டு சாக்கு சேர்த்துவைப்பது நல்லது.

கூட்டில் அடியில் ஐந்தாறு தாள் பழைய பத்திரிகை, பளபளப்புத் தாள் வேண்டாம். அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு இந்தப் புல். சிறுநீர் புல்லூடாக இறங்கித் தாளில் ஊறும், கால் படுகிற இடம் காய்ந்திருக்கும். அவை படுக்கையையே தின்னும். தின்னட்டும், அதுதான் முக்கிய உணவு. நார் நிறையத் தின்றால் புழுக்கை கெட்டியாக, காய்ந்து விழும். காய்ந்த புழுக்கை நாறாது. கங்குன் கீரையைக் கழுவி நீர் சொட்டச் சொட்டப் போடுவதும், வெள்ளரியை மறுநாள்வரை கூட்டிலேயே விடுவதும்தான் படுக்கையை நனைத்து, ஈயைக் கூப்பிடுகின்றன.

ஞாயிற்றுக் கழுவலை நம்பாதீர்கள். அவை அதிகமாகச் சிறுநீர் கழிக்கிற மூலை எது என்று பாருங்கள். அந்த மூலையின் தாளையும் புல்லையும் காலையும் மாலையும் மாற்றுங்கள், இரண்டு நிமிட வேலை. தட்டில் படிகிற வெள்ளைப் படிவம் சுண்ணாம்புச் சத்து, தேய்த்தால் போகாது. தேங்காய் வினாகிரியில் சமமாகத் தண்ணீர் கலந்து கால்மணி நேரம் ஊறவிட்டால் கரையும். பிறகு கழுவி வெயிலில் முழுசாகக் காயவைத்தே திருப்பி வையுங்கள். குளோரின் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கடையில் திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தருகிற உணவில் விற்றமின் சி மிச்சமிருக்கும் என்று எண்ணாதீர்கள். இந்தப் புழுக்கத்தில் அது சீக்கிரம் அழியும். முயல் தீனியில் பொதுவாக அது சேர்ப்பதில்லை. மனிதரைப் போலக் கினிபிக்கும் அந்தச் சத்தை உடம்பில் உண்டாக்காது. குறைந்தால் நோய் தொற்றுவது சுலபம். தினமும் ஒரு துண்டு கொய்யாவோ விதை நீக்கிய, காரமில்லாத கறிமிளகாயோ கொடுங்கள்.

இனி ஒன்பது என்ற கணக்கு. எட்டுச் சதுர அடி இரண்டுக்கு அளவானது. ஒன்பது இருக்கிற கூட்டை எந்தப் புல்லாலும் காயவைக்க முடியாது. பெண் குட்டி போட்ட சில மணிநேரத்திலேயே மறுபடி சினைப்படும், அதனால்தான் இத்தனை வேகம். ஆண்களை இந்த வாரமே பிரியுங்கள். ஆண்குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும். கடைக்கு விற்காமல், தெரிந்த வீடுகளுக்கு இரண்டிரண்டாக, ஒரே பால் சோடியாகக் கொடுங்கள். சோடியோடு ஒரு சாக்குக் காய்ந்த புல்லையும் கொடுத்துவிடுங்கள்.