நான்காவது முறையாக உடைந்த ஃபயரிங் பின்: வழக்கு நிற்குமா?

கேள்வி: ஐயா, நான் ரைஃபிள் போட்டிகளில் பங்கேற்பவன். முறையான உரிமத்தோடு, உரிமம் பெற்ற டீலரிடம் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. வாரண்டிக் காலத்திலேயே ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) மூன்று முறை முனையருகே உடைந்தது. மூன்று முறையும் டீலர் காசு வாங்காமல் மாற்றித் தந்தார். போன மாதம் நான்காவது முறையாக, அதே இடத்தில் உடைந்தது. "வாரண்டி முடிந்துவிட்டது, காலி சேம்பரில் (தோட்டா அமரும் அறை) டிரிகர் இழுத்துப் பழகுகிறீர்கள், அதுதான் காரணம்" என்று இப்போது கைவிரிக்கிறார். தெரிந்த லேத் பட்டறைக்காரர் நல்ல ஸ்டீலில் கடைந்து தருகிறேன் என்கிறார். வெளிநாட்டு இணையதளம் ஒன்றிலும் பின் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. நான் என்ன செய்ய?

பதில்: வழக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த லேத் பட்டறை யோசனையைக் கைவிடுங்கள். ஆயுதச் சட்டம், 1959-இல் துப்பாக்கிக்குத் தரப்பட்டுள்ள வரையறையில் அதன் உதிரிபாகங்களும் அடங்கும். துப்பாக்கியைத் தயாரிக்கவும் பழுதுபார்க்கவும் பிரிவு 5-இன்படி தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம் மட்டுமே. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், உரிமமின்றி பின் கடைந்தால் அவர் பிரிவு 25-க்குள் வந்துவிடுவார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அங்கே குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். செய்யச் சொன்னவர் என்ற முறையில் உங்களையும் சேர்ப்பார்கள். கூடவே உங்கள் உரிமத்துக்கும் ஆபத்து. ஒரு விரல் நீளத்துக்குக்கூட வராத இரும்புத் துண்டுக்காக இது தேவையா? வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைப்பதும் இதே கதைதான். உதிரிபாகமானாலும் இறக்குமதிக்குப் பிரிவு 10-இன்கீழ் உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்துறை பிடிக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியாள் கடைந்த பின் உள்ளே போன மறுநாளே, "பொருளில் கை வைத்துவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். அதோடு உங்கள் வழக்கின் முதுகெலும்பு முறிந்துவிடும்.

இனி வழக்கு. நீங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். எனவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் நுகர்வோர்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் "நான்கு முறை உடைந்தது" என்பது மட்டுமே தயாரிப்புக் குறைபாட்டுக்கு நிரூபணம் ஆகாது. ஏன் உடைந்தது என்பதை நிபுணர் கருத்தோடு நீங்கள்தான் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட பல புகார்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டீலர் சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. .22 தோட்டாவில் வெடிக்கும் மருந்து விளிம்பில் இருக்கிறது. ஆகவே பின் விளிம்பைத்தான் குத்தும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்தால், சில மாடல்களில் பின்னின் முனை நேராகச் சேம்பர் விளிம்பிலேயே மோதும். மோதாதபடி பின்னை முன்னதாகவே நிறுத்திவிடும் மாடல்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். அப்படிப் பழகலாம் என்று அதில் இருந்தால் டீலரின் வாதம் அத்தோடு சரி. கூடாது என்று இருந்து, நீங்களும் பழகியிருந்தால், ஒளிக்காமல் சொல்கிறேன், வழக்கு பாதி பலவீனமாகிவிடும். கையேட்டில் ஒரு வார்த்தையும் இல்லையா? எச்சரிக்காததே தயாரிப்பாளரின் குறை என்று வாதிடலாம்.

ரைஃபிளே ஒரு சாட்சி சொல்லும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பின் அடிக்கும் இடத்துக்கு நேராகச் சேம்பர் விளிம்பில் சிறு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் இருந்தால் டீலர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. விளிம்பு மழமழவென்று இருந்தால் காரணம் வேறு: பின்னின் ஸ்டீல் அளவுக்கு மீறி கடினமாக்கப்பட்டு நொறுங்கும் தன்மையோடு இருக்கலாம்; முனை மெலியும் இடத்தில் வளைவு இல்லாமல் கூர்மையாக வெட்டியிருந்தால் அழுத்தம் அங்கேயே சேரும்; போல்ட்டில் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பின் ஓடும் துளை நேராக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால், புதுப் பின் ஒவ்வொன்றும் அதே இடத்தில் உடைவதும் இந்தப் பக்கம் கை காட்டும். பின்னை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்த டீலர், உடைவதற்கான காரணத்தைத் தேடவே இல்லை. இதைச் சேவைக் குறைபாடு என்று தனியாகவே எழுதலாம்.

ஆகவே நான்காவது பின்னின் இரு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். உடைந்த முகப்பில்தான் விடை இருக்கிறது: நாள்பட்ட விரிசலா, ஒரே அடியில் முறிந்ததா என்பதை உலோக நிபுணர் அந்த முகப்பைப் பார்த்துத்தான் சொல்வார். இரண்டு முகங்களும் உரசிக்கொண்டால் தடயம் போய்விடும். துண்டுகளைத் தனித்தனி உறையில் போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். முதல் மூன்று பின்களும் டீலரிடமே தங்கிவிட்டன என்று தெரிகிறது. அவற்றுக்கான ஜாப் கார்டு, வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

சோதனை தேவைப்படும் குறைபாடாக இருந்தால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-இன்கீழ் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. புகாரோடு சேர்த்தே அதற்கு மனுப்போடுங்கள். நீங்களாகவே ரைஃபிளைப் பார்சல் கட்டி எந்த ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டாம்.

காலக்கெடுவில்தான் எனக்குக் கவலை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்கிறது பிரிவு 69. வாங்கிய தேதியிலிருந்து எண்ணி, காலம் கடந்துவிட்டது என்பார்கள். கடைசியாக உடைந்ததும், டீலர் மறுத்ததும் போன மாதம்தான் என்பது நம் பதில். அதை மட்டும் நம்பியிராமல், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் கூடவே போட்டுவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தால் காலக்கெடு நீளாது.

டீலர், இறக்குமதியாளர் இருந்தால் அவர், தயாரிப்பாளர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. புதிய சட்டத்தில் உள்ள 'தயாரிப்புப் பொறுப்பு' அத்தியாயத்தின்கீழ் இழப்பீடு கேட்கச் சிலர் சொல்வார்கள். பொருளுக்கே ஏற்படும் சேதம் அந்த வரையறைக்குள் வராது. யாருக்காவது காயம் பட்டாலோ, வேறு சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலோதான் அது பொருந்தும். அந்த நிலை வராமல் பாருங்கள்: உடைந்த முனை வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், போல்ட்டை மூடும்போதே தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு. காரணம் தெரியும்வரை அந்த ரைஃபிளால் சுட வேண்டாம்.

நிவாரணமாகப் பணத்தைத் திரும்பக் கேட்பதா, மாற்று ரைஃபிள் கேட்பதா? நான் பணத்தையே சொல்வேன். மாற்று ரைஃபிள் என்றால் அதன் எண் வேறு. உரிமத்தில் பழையதை நீக்கிப் புதியதைப் பதிய உரிம அதிகாரியிடம் தனியாக நடக்க வேண்டும். பணம் என்றாலும் பழைய ரைஃபிளை டீலரிடம் ஒப்படைக்கும்போது, அதன் எண் குறித்த ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, உரிமத்திலும் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள்.