கத்தோலிக்கர்கள் இணையத்தில் சமூகமாகச் சேர முடிகிறதா? ராமேஸ்வரம் கரையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாகக் கத்தோலிக்கர்கள் விசுவாசத்தைப் பகிர்வதும் ஒரு சமூகமாகச் சேர்வதும் உண்மையிலேயே நடக்கிறதா? இல்லை, நேரலைப் பூசையும் காலை வணக்கப் படங்களும் மட்டும்தானா?

நடக்கிறது. ஆனால் சானலில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. எங்கள் பக்கத்தில் ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது வெளியாட்களுக்குக் கொஞ்சமும் சுவாரசியம் இல்லாத விஷயங்கள்: இன்று யார் வீட்டில் செபமாலை, எந்தப் போட்டு (படகு) இன்னும் கரைக்கு வரவில்லை, யாருக்கு ரத்தம் வேண்டும், அடக்கப் பூசை எத்தனை மணிக்கு.

நான் தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பங்கைச் (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தை) சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பை வேறு சிலரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். அன்பியம் தெரியாதவர்களுக்கு: ஒரு பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அமைத்த சிறு குழு அது. ஏதாவது ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்து, செபம் சொல்லி, தெருவின் கஷ்டநஷ்டங்களைப் பேசுவோம். காபியும் உண்டு.

எங்கள் பங்கு முழுதாக ஒரே இடத்தில் இருந்த காலமே கிடையாது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் போனவர் ஞாயிறு காலையில் மீனோடு வருவார். கோவிலில் மணி அடிக்கிற நேரத்தில் அவர் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலாவது ஊரில் இருப்பார்களா என்றால், அப்போது கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. இன்னும் பலர் குவைத்திலும் பஹ்ரைனிலும் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் பெண்கள், பிள்ளைகள், வயசாளிகள்தான் அதிகம். ஆகவே ‘நேரில் வருவதா, ஆன்லைனில் பார்ப்பதா’ என்று நகரத்துப் பங்குகளில் போடுகிற சண்டையை இங்கே யாரும் போடுவதில்லை.

படகு பிடிபடுகிற நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்தால், தப்பி வந்த பக்கத்துப் போட்டுக்காரர் மூலம்தான் முதல் செய்தி கரைக்கு வரும். டிவியில் வருவதெல்லாம் அப்புறம். குரூப்பில் “செபியுங்கள்” என்று ஒரு வரி விழுந்தால் போதும், பெண்கள் குருசடியில் (தெருவோரச் சிலுவைக் கோவிலில்) கூடிவிடுவார்கள். அந்தச் செபமாலையை நாங்கள் யூடியூபில் போடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கோ அண்ணனுக்கோ வீடியோ கால் போட்டுக் குருசடிப் படியில் போனைச் சாய்த்து வைப்போம். இங்கே ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல, அங்கிருந்து பதில் செபம் ஒரு வார்த்தை பிந்தி வரும். வயதான அம்மாக்கள் இன்னும் பழைய பாடத்தில் ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்றுதான் சொல்வார்கள். மூன்று குரலும் மூன்று வேகத்தில் போகும். யாரும் நிறுத்துவதில்லை.

அதே நேரத்தில் வாட்ஸ்அப் செய்கிற கேட்டையும் சொல்ல வேண்டும். பிடிபட்டவர்கள் பெயர் என்று எங்கிருந்தோ ஒரு படம் வரும். அந்தோணி, சூசை, அருளானந்தம் எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் இது. அப்பா பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் சுற்றினால் நாலு வீட்டில் ஒப்பாரி எழும். அதனால் மீனவர் சங்கத்திலிருந்து உறுதியாகும் வரை யாரும் பெயர் போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். மீறினால் பங்குப் பேரவை ஆளாக இருந்தாலும் குரூப்பிலிருந்து நீக்கம்தான். ஆண்கள் சிறையில் இருக்கிற வாரங்களில் அந்த வீட்டுக்கு அரிசி யார், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் யார் என்பதும் இதே குரூப்பில்தான் முடிவாகும். இதற்கு ‘நற்செய்தி அறிவிப்பு’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நீங்கள் கேட்ட சமூகம் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் திருவிழாக் கொடியேற்றம் பெரிய விஷயம். கொடி ஏறுகிற நேரத்தில் ஊரே போனைத் தூக்கிப் பிடிக்கும், டவர் திணறும், நேரலை வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். போதாததற்குக் கடற்காற்று மைக்கில் அடித்து, சாமி (பங்குக் குரு) சொல்வதில் பாதி கேட்காது. இப்போது ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துப் போனில் செருகிவிடுகிறோம். படம் சுமாராக இருந்தாலும் மன்னிப்பார்கள். நவநாள் உபயம் எடுத்த (ஒன்பது நாள் செபத்தில் ஒரு நாள் செலவை ஏற்ற) குடும்பத்தின் பெயரைச் சாமி வாசிப்பது கேட்காமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இன்னும் வேடிக்கை. “மாலையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்து, சிலுவை மறைக்குது” என்று குவைத்திலிருந்து உத்தரவு வரும். சிரித்துக்கொண்டே நகர்த்துவோம், அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கும்.

சரி, நேரலைப் பூசை. 2020 மார்ச் 27 இரவு திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று ஆசீர் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். இங்கே மணி பத்தரை. கொரோனா ஊரடங்கு; கடலுக்குப் போகவும் வழியில்லை, கோவிலும் பூட்டு. தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அதே படம்தான் ஓடியது. அந்த ஆண்டு புனித வாரம் முழுக்கப் போனில்தான் கழிந்தது. அது ஆபத்துக்குச் செய்தது. ஆபத்து போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டு, குழம்பைக் கிளறியபடி பாதிப் பூசை பார்த்துவிட்டு “நான் பூசை கண்டுவிட்டேன்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. அருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று வத்திக்கான் 2002-இல் வெளியிட்ட ‘திருச்சபையும் இணையமும்’ என்ற ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. வீடியோ காலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய முடியாது. நன்மை (பூசையில் தரும் நற்கருணை) வாங்க நாக்கையோ கையையோ நேரில் நீட்டித்தான் ஆக வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் கதை வேறு. ஞாயிறு பூசைக்குப் போயே ஆக வேண்டும் என்ற கடன் அவர்களுக்குக் கிடையாது. பார்க்கிற பூசை முழுக்க முழுக்க ஆறுதல். அசிசி நகர் புனித கிளாரா நோயில் கிடந்தபோது, கோவிலில் நடந்த வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டார் என்று ஒரு மரபு உண்டு. அதை வைத்துத்தான் 12-ஆம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி ஆக்கினார். எங்கள் பங்கில் யார் டிவியில் பூசை பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மாத முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுபோக வேண்டிய வீடுகளின் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். சாமி நற்கருணையோடு வீட்டுக்கு வருவார், கூடவே தெருவும் வரும். நேரலைக்கு இப்படி ஒரு தொடர்ச்சி இருக்கும்வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் கரைக்குக் காதால் கேட்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்ட இடம் இது. 1931-இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியின் தமிழ் ஒலிபரப்பையும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ்ப்பணியையும் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட பாட்டிகள் இருந்தார்கள். வேரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனதும், ரேடியோவில் முள்ளைத் திருகத் தெரிந்த பாட்டிக்கு ஆப் திறக்கத் தெரியவில்லை. அந்த இடைவெளியை இப்போது குரல் பதிவு நிரப்புகிறது. “இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க” என்று தொடங்கி அன்றைய நற்செய்தியும் சின்ன விளக்கமும். நீளம் கூடினால் யாரும் கேட்பதில்லை என்பதைக் கண்டுகொண்டோம். வாசிக்கிறவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும். பெரிய பிரசங்கியாரின் குரலைவிட, கடல்பாசி எடுக்கப் போகிற அக்கா தட்டுத்தடுமாறி வாசிப்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

குப்பையும் வருகிறது, மறைப்பதற்கில்லை. ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்பதுபோல வருவது விசுவாசமே இல்லை, மூடநம்பிக்கை. மாதா சிலையில் கண்ணீர் என்று எந்த ஊர் என்றே தெரியாத வீடியோக்கள் வரும். இன்னும் மோசம், மற்ற மதங்களை ஏசுகிற பேச்சுகள். வேர்க்காடு சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) கோவில் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி ஃபார்வர்டு செய்ய மனசு வருகிறதோ! இவற்றை அழித்துவிட்டு ஏன் அழித்தோம் என்று குரூப்பிலேயே சொல்லிவிடுவோம்.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு) படத்தோடு வரும் பொன்மொழிகளும் அப்படித்தான், எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. உண்மையில் அவர் எழுதியதே இருக்கிறது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு முந்தின நாள் காவலில் இருந்தபடி, கரியைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோல் துரும்பைப் பேனாவாக வைத்துத் தன் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கதையைப் பிள்ளைகளே பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். அப்புறம் அவர்களுக்கே ஆசை வந்துவிட்டது, வேதாளைக்குப் போய் ஒரு வீடியோ எடுத்தார்கள். ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் தினம் கடக்கிற ஊர். 1549-இல் படை வந்தபோது மக்களைப் படகேற்றி அனுப்பப் பாடுபட்டுக் கரையிலேயே கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு, இயேசு சபையின் முதல் மறைசாட்சி, இறந்த இடம் அது என்று பெரியவர்கள் பலருக்கே தெரியவில்லை. அவருக்கு அடுத்து இந்தக் கடற்கரைப் பணிக்குத் தலைவரானவர்தான் அண்டிரிக் அடிகளார் (என்றிக்கே என்றீக்கஸ்). 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் மறைக்கல்வி நூலை அச்சிட்டவர், வெறும் 16 பக்கம். அந்தக் காலத்து அச்சும் இந்தக் காலத்து ரீல்ஸும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கடற்கரை ஆளுக்கு அவன் பேச்சிலேயே, நீட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கச்சத்தீவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்து பெயர் பதிந்து படகில் போவோம்; ஒரு ராத்திரி அங்கே தங்கி, சிலுவைப்பாதை, தேர், மறுநாள் பூசை முடித்துத் திரும்புவோம். அக்கரை (இலங்கை) உறவினர்களைப் பலர் பார்ப்பது அங்கேதான். மீனவர்களைச் சிறையில் போட்டதை எதிர்த்து 2024-இல் இங்கிருந்து யாரும் போவதில்லை என்று முடிவானது. அந்த முடிவு சரிதான் என்று நினைக்கிறவள் நான். அன்றைக்கு அக்கரைச் சொந்தக்காரர்கள் தேரையும் பூசையையும் படம் பிடித்து அனுப்பினார்கள். “உங்கள் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினோம்” என்று ஒரு பெரியம்மா பேசியிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பதிவை அழிக்கவில்லை. போய் வந்ததற்கு அது ஈடாகுமா என்றால், ஆகாது.

பிள்ளைகள் விஷயத்தில் கார்லோ அகுதிஸ் எனக்கு உதவுகிறார். 2006-இல் பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த இத்தாலியப் பையன், 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஜீன்ஸ் போட்ட, கம்ப்யூட்டர் தெரிந்த புனிதர் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவர் உருவாக்கிய இணையதளம் நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை) பற்றியது, அவர் தினமும் பூசைக்குப் போனவர் என்கிற அடுத்த வரியை நான் மெதுவாகச் சொல்வேன். முகம் கொஞ்சம் வாடும்.

உங்கள் பங்கிலும் தொடங்க நினைத்தால் கேமராவிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அன்பியத்துக்கு ஒரு குரூப், அதில் யார் செய்தி போடலாம் என்று ஒரு கட்டுப்பாடு, பொறுப்பாளர்களில் பாதிப் பேராவது பெண்கள். காணிக்கை கேட்கும் க்யூஆர் படத்தை அதில் போடவே போடாதீர்கள்; போட்ட அன்றே பாதிப் பேர் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். ஒருவர் குரூப்பை விட்டு வெளியேறினால் அன்று மாலையே யாராவது அவர் வீட்டுக்குப் போய் என்ன வருத்தம் என்று கேட்க வேண்டும். இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு யூடியூப் சானலைப் பற்றி யோசிக்கலாம்.