கேள்வி – பதில்: தீவு தீவாக இறங்கிய பையன்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது பேச்சோடு பேச்சாக டார்வினின் கப்பல் பயணத்தை இழுத்துவிட்டேன். அதையே பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

டார்வின் பீகிள் கப்பலில் ஏறும்போது மாணவரா, விஞ்ஞானியா? யார் செலவில் போனார்?
— வாசகர், தூத்துக்குடி

பரீட்சை முடிந்து, அடுத்து என்ன என்று வீட்டில் கேட்டால் பதில் இல்லாமல் இருந்த 22 வயதுப் பையன், அவ்வளவுதான். எடின்பரோவில் மருத்துவம் சேர்ந்து பாதியில் விட்டவர். 1831 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் பி.ஏ. தேறினார். பாதிரியாராகப் போகட்டும் என்பது அப்பாவின் கணக்கு. அந்த ஆகஸ்டில்தான் அவருடைய தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவிடமிருந்து, தென் அமெரிக்கக் கரையை அளக்கப் போகும் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் தன்னோடு வர இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள ஓர் ஆளைத் தேடுகிறார், நீ போகிறாயா என்று கடிதம் வந்தது. அப்பா முடியவே முடியாது என்றார். பிறகு தாய்மாமன் ஜோசயா வெட்ஜ்வுட் வந்து பேசித்தான் சம்மதம் கிடைத்தது. எந்த நாடானாலும் இந்த மாதிரி விஷயத்துக்கு மாமாதான் வரவேண்டியிருக்கிறது!

சம்பளம் கிடையாது, செலவு முழுக்க அப்பாவுடையது. கல்லூரியில் படிக்கும்போது தாராளமாகச் செலவழித்த பிள்ளை, அப்பாவைச் சமாதானப்படுத்த, "கப்பலில் போய்க் கொடுத்ததுக்கு மேல் செலவு செய்ய வேண்டுமென்றால் நான் மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்" என்றாராம். அப்பா சிரித்துக்கொண்டே, "நீ கெட்டிக்காரன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்" என்றாராம். பின்னாளில் டார்வினே எழுதி வைத்தது இது.

படிப்புப் பயணம் என்று கப்பலில் போகிறவர்கள் உண்மையில் படிக்கிறார்களா, தீவுகளில் இறங்கி ஊர் சுற்றுகிறார்களா?
— கல்லூரி மாணவர், மதுரை

இரண்டுமே. டார்வின் விஷயத்தில் ஊர் சுற்றியதுதான் படிப்பு. 1831 டிசம்பர் 27 அன்று கிளம்பி 1836 அக்டோபர் 2 அன்று திரும்பினார். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் கடலில் கழித்தது ஒன்றரை ஆண்டுதான், மற்றதெல்லாம் தரையில். கப்பல் கரையோரத்தை அளந்துகொண்டு மெதுவாக நகரும், இவரை ஓர் இடத்தில் இறக்கிவிட்டுப் பல வாரம் கழித்து வேறொரு துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளும்.

கப்பலில் இருந்த நாட்கள் சுகமானவை அல்ல. பீகிள் 27 மீட்டர் நீளம், அதில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். பின்பக்கத்து அறையில் வரைபட மேஜைக்கு மேலேதான் இவருக்குத் தூங்குவதற்கு ஹேமக் என்ற தொங்கு படுக்கையைக் கட்டியிருந்தார்கள். ஆள் உயரம் என்பதால் கால் இடித்தது, சுவரில் இருந்த அலமாரியின் ஓர் இழுப்பறையைக் கழற்றி எடுத்துவிட்டு அந்தப் பொந்துக்குள் காலை நீட்டிப் படுத்தார். கடல் குமட்டல் கடைசி வரை விடவேயில்லை. மோசமான நாட்களில் உலர் திராட்சையும் பிஸ்கட்டும்தான் உள்ளே தங்கியது. ஒவ்வொரு தீவும் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் முதலில் கால் வைத்த தீவு எது?
— வாசகி, நாகர்கோவில்

கால் வைக்க முடியாமல் போன தீவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள டெனரீஃப். ஜெர்மானியப் பயணி ஹம்போல்ட் அதைப் பற்றி எழுதியதைப் படித்துப் படித்து, கேம்பிரிட்ஜிலேயே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போகத் திட்டம் போட்டவர், அதற்காக ஸ்பானிஷ் மொழி கற்கக்கூட ஆரம்பித்தவர். 1832 ஜனவரி 6 அன்று கப்பல் அங்கே போய் நின்றது. ஒரு படகு வந்தது. இங்கிலாந்தில் காலரா, அதனால் 12 நாள் தனிமையில் இருந்த பிறகுதான் இறங்கலாம் என்றார்கள். ஃபிட்ஸ்ராய் காத்திருக்கவில்லை, பாயை விரிக்கச் சொல்லிவிட்டார். தொற்றுநோய்க் கட்டுப்பாட்டில் பயணம் ரத்தான அனுபவம் நம்மில் பலருக்கு இருப்பதால் அந்த எரிச்சல் புரியும்.

பத்து நாள் கழித்து இறங்கியது கேப் வெர்டியில் உள்ள சாண்டியாகோ தீவு. வறண்ட எரிமலை நிலம், பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கடலோரப் பாறைச் சுவரில், தண்ணீருக்கு மேல் சுமார் 45 அடி உயரத்தில், மைல் கணக்கில் கிடைமட்டமாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் கடல் சிப்பிகள். கீழே எரிமலைப் பாறை, மேலே இன்னொரு எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த அடுக்கு, நடுவில் சிப்பி. அப்படியானால் அது ஒரு காலத்தில் கடலடியாக இருந்து, அதன்மேல் குழம்பு வழிந்து, அப்புறம் மொத்தமாக மேலே எழும்பியிருக்க வேண்டும். ஃபிட்ஸ்ராய் பரிசாகக் கொடுத்த லயலின் நிலவியல் புத்தகம் கைவசம் இருந்தது, அதில் படித்தது கண்ணெதிரே நிற்கிறது. நாமே ஒரு நிலவியல் புத்தகம் எழுதலாம் போலிருக்கிறதே என்று அந்தப் பாறையடியில் நின்றபோதுதான் முதலில் தோன்றியது என்று கிழவயதில் எழுதினார்.

கலாபகோஸ் தீவில் குருவிகளின் அலகைப் பார்த்ததும் பரிணாமக் கொள்கை உதித்தது என்று என் பிள்ளையின் பாடத்தில் இருக்கிறது. ஒரே பார்வையில் அப்படித் தோன்றுமா?
— ஆசிரியை, திருச்சி

தோன்றவில்லை. இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. 1835 செப்டம்பர், அக்டோபரில் ஐந்து வாரம் அங்கே இருந்தார், இறங்கியது நான்கு தீவுகளில். குருவிகளைப் பிடித்தார், தோலுரித்துப் பதப்படுத்தினார், ஆனால் எது எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலானவற்றில் குறித்து வைக்கவில்லை. சிலவற்றைக் குருவி என்றே நினைக்கவில்லை, வெவ்வேறு பறவைக் குடும்பங்கள் என்று எண்ணிக்கொண்டார். அங்கே துணை ஆளுநராக இருந்த லாசன் என்பவர், ஆமையின் ஓட்டைக் காட்டினால் அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன் என்றார். அதையும் அப்போதைக்குக் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை, இரண்டு தீவுகளின் சேகரத்தை ஏற்கெனவே கலந்து வைத்தாயிற்று. தீவுக்குத் தீவு வித்தியாசம் என்று அவர் அங்கேயே கவனித்தது மாக்கிங்பேர்டு என்ற இன்னொரு பறவையிடம்தான், அதற்கு மட்டும் தீவின் பெயரை எழுதினார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, 1837 ஜனவரியில், லண்டனில் பறவை வல்லுநர் ஜான் கூல்டு அந்தத் தோல்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, இவை எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவான புதிய இனங்கள் என்றார். அப்போதுதான் நம்மாளுக்கு விஷயம் உறைத்தது. ஆனால் லேபிளில் தீவு இல்லையே! கேப்டன் ஃபிட்ஸ்ராயும் டார்வினின் உதவியாளும் தங்களுக்கென்று பிடித்த குருவிகளில் தீவின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுத்தான் ஓரளவு ஒப்பேற்றினார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன அவருடைய புத்தகம் வந்தது 1859 இல், அதாவது அந்தத் தீவை விட்டு வந்து 24 ஆண்டு கழித்து. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடுவதால், பெரிய கண்டுபிடிப்பு என்றால் மின்னல் மாதிரி வரும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், நமக்கு மின்னவில்லையே என்று விட்டும்விடுகிறார்கள்.

அங்கே அவர் அக்கறையாகச் செய்த வேலை ஒன்றைச் சொல்கிறேன், வகுப்பில் சொல்லுங்கள். கடலில் நீந்தும் கரிய உடும்பு இனம் ஒன்று அங்கே உண்டு. ஒன்றின் வாலைப் பிடித்து, பாறை நடுவே தேங்கியிருந்த குட்டைக்குள் தூக்கி எறிந்தார். அது அழகாக நீந்தி, நேராக அவர் நின்ற இடத்துக்கே வந்து ஏறியது. மறுபடி எறிந்தார், மறுபடி வந்தது. நன்றாக நீந்தத் தெரிந்த பிராணி தண்ணீருக்குள் ஏன் தப்பி ஓடவில்லை? தரையில் அதற்கு எதிரி கிடையாது, கடலில் சுறா உண்டு, அதனால் கரைதான் பத்திரம் என்று அதன் உடம்பிலேயே ஊறியிருக்கும் என்று எழுதினார். இது என்ன தின்கிறது என்ற சந்தேகத்துக்கு வயிற்றைக் கிழித்தே பார்த்தார், உள்ளே பொடிப்பொடியாக மென்ற கடற்பாசி.

அந்தத் தீவு ஆமைகளைக் கப்பலில் சாப்பிட்டார்களாமே, நிஜமா?
— வாசகர், வேலூர்

நிஜம். உயிரோடு ஏற்றிக்கொண்டு போய் வழியெல்லாம் சமைத்தார்கள், ஓடுகள் கடலில் போயின. எந்தத் தீவு ஆமை என்று சொல்லக்கூடிய அதே ஓடுகள்!

தீவுகளில் மனிதர் செய்யும் அழிவைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?
— வாசகி, கோவை

ஃபாக்லாந்து தீவுகளில் நரி மாதிரி ஒரு பிராணி இருந்தது. மனிதரைக் கண்டு பயப்படாது, ஒரு கையில் இறைச்சித் துண்டை நீட்டி மறுகையில் கத்தியை வைத்துக்கொண்டு கிட்ட வந்ததும் குத்திவிடுவார்கள். இங்கே குடியேற்றம் வந்துவிட்டால் சில ஆண்டுகளில் இது பூண்டோடு போய்விடும் என்று எழுதினார். 1876 இல் போய்விட்டது.

நான் இராமநாதபுரத்துக்காரன். மன்னார் வளைகுடாவிலும் பவளத் தீவுகள் உண்டு, லட்சத்தீவும் பவளத் தீவு. நடுவில் ஏரி வைத்த வளையம் மாதிரி லட்சத்தீவு மட்டும் எப்படி உருவானது? டார்வின் இதை ஆராய்ந்தாரா?
— வாசகர், இராமநாதபுரம்

ஆராய்ந்தார், என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தில் அவர் போட்ட மிக அழகான கணக்கு இதுதான். தென் அமெரிக்க மேற்குக் கரையில் நிலம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, ஓர் அசல் பவளத் திட்டைக்கூடப் பார்க்காமலே, இதை யோசித்துவிட்டார். ஓரிடத்தில் நிலம் ஏறினால் இன்னோரிடத்தில் இறங்க வேண்டுமே! கடல் நடுவே ஒரு எரிமலைத் தீவு, அதன் ஓரத்தில் பவளம். தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது, பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அது மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை முழுகிவிடும், வளையம் மிஞ்சும். தாஹிட்டியில் மலையேறி எதிரே மூரியா தீவைப் பார்த்தபோது பாதி வழியில் இருக்கும் கட்டம் தெரிந்தது. சட்டம் போட்ட படம் போல என்று எழுதினார்: மலைதான் படம், சுற்றியுள்ள அமைதியான நீர் படத்தின் வெள்ளை ஓரம், பவளத் திட்டில் உடையும் அலைகள் சட்டம்.

அதைச் சோதித்தது 1836 ஏப்ரலில், சுமத்ராவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவில். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள், தரையில் என்ன இருக்கிறதோ அது கொழுப்பில் பதிந்து வரும். 60 அடிக்குள் இறக்கியபோது உயிருள்ள பவளத்தின் அச்சு பதிந்து, கொழுப்பு ஒரு மணல்கூட ஒட்டாமல் சுத்தமாக வந்தது. ஆழம் கூடக் கூட அச்சு குறைந்து மணல் ஒட்டியது, அப்புறம் வெறும் மணல். உயிருள்ள பவளம் மேல்பகுதியில்தான் என்று இதில் தெரிந்தது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபிட்ஸ்ராய் 7,200 அடிக் கயிற்றை விட்டுப் பார்த்தார், தரை தட்டவில்லை. அடியில் செங்குத்தாக ஒரு மலை இல்லாமல் இது எப்படி?

யாராவது பெரும் பணக்காரர் ஒரு பவளத் தீவில் ஆழத் துளை போட்டுப் பார்க்க மாட்டாரா என்று 1881 இல் ஆசைப்பட்டார், மறு ஆண்டு காலமானார். 1952 இல் பசிபிக்கின் எனிவெடாக் தீவில், ஹைட்ரஜன் குண்டு சோதனைக்கு முன்பு, அமெரிக்கர்கள் துளையிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பவளச் சுண்ணாம்பைத் தாண்டி எரிமலைப் பாறை வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். லட்சத்தீவும் கடலடி எரிமலைத் தொடரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் வளையம். மன்னார் வளைகுடாத் தீவுகளோ கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில் இருப்பவை, அமிழ்ந்த மலை எதுவும் அடியில் கிடையாது.

மொரிஷியஸில் இறங்கினாரா? நம் ஆட்களைப் பார்த்தாரா?
— வாசகர், காரைக்கால்

1836 ஏப்ரல் கடைசியில் இறங்கினார். அங்கிருந்த நில அளவை அதிகாரி, தீவிலேயே இருந்த ஒரே யானையில் கொஞ்ச தூரம் சவாரி அனுப்பி வைத்தார், யானை நடக்கும்போது சத்தமே வரவில்லை என்பதுதான் டார்வினுக்குப் பெரிய ஆச்சரியம். போர்ட் லூயி தெருக்களில் இந்தியர்களைப் பார்த்தார். ஆயுள் தண்டனைக் கைதிகளாகச் சுமார் 800 பேர் அங்கே சாலை வேலை செய்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் வங்காள, பம்பாய் மாகாணங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். இவ்வளவு கம்பீரமான முகங்கள் இந்தியாவில் உண்டு என்று தெரியாமல் போயிற்றே என்று வியந்து எழுதினார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே போன தமிழ்க் கைவினைஞர்களின் சந்ததி அதே ஊரில் இருந்தது. அந்தப் பக்கம் அவர் பேனா போகவில்லை.

என் மகள் கடல் அறிவியல் படிக்கிறாள், அடுத்த ஆண்டு ஆராய்ச்சிக் கப்பலில் போகிறாள், நடுவில் தீவுகளில் இறங்குவார்களாம். என்ன கொடுத்து அனுப்பட்டும்?
— தாய், கும்பகோணம்

அம்மா, ஊறுகாய் நீங்கள் எப்படியும் வைத்துவிடுவீர்கள். கூடவே தண்ணீரில் அழியாத பென்சிலும் கட்டு கட்டாக லேபிளும் கொடுங்கள். எடுத்த பொருளின் மேல் இடம், தேதி, நேரம் மூன்றையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள், ராத்திரி கப்பலுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் ராத்திரி குமட்டும். ஒரு தீவின் பையில் இன்னொரு தீவின் பொருள் போகக் கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவர் சாதாரணமாக ஏதாவது சொன்னால் அதையும் எழுதி வைக்கட்டும். போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம், நாற்பது பாறைப் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே பாறையாகத்தான் தெரியும்.

திரும்பிய பிறகு மறுபடி கப்பல் ஏறினாரா?
— வாசகர், ஈரோடு

அப்படி ஒரு நீண்ட பயணம் ஒருமுறைகூட இல்லை. 1836 க்குப் பிறகு பிரிட்டனை விட்டு வெளியே போகவேயில்லை, 1842 முதல் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீடு. வேண்டியதையெல்லாம் கடிதம் போட்டே வரவழைத்தார். அப்படி வந்தவற்றில் புறாத் தோல்களும் உண்டு, அனுப்பியவர்களில் ஒருவர் சென்னையில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட். அதற்கு நன்றி சொல்லி 1859 புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கிறார்.