வெள்ளி ஏன் இவ்வளவு சூடு? கோள்களின் காற்றும் வெப்பமும்: கேள்வி பதில்

கேள்வி: சூரியனுக்கு அருகில் இருப்பது புதன். ஆனால் வெள்ளிதான் அதிகச் சூடாமே?

ஆமாம். புதனில் பகலில் 430 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 180. காற்றே இல்லாததால் பகலில் வாங்கிய சூடு இரவில் தங்குவதில்லை. வெள்ளியில் இரவும் பகலும் 464 டிகிரிதான்; ஈயம் உருகிவிடும்.

கேள்வி: வெள்ளியின் மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றனவே, குளிர வேண்டாமா சார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே சதுர மீட்டருக்கு 2,600 வாட் வெயில். கந்தக அமில மேகங்கள் 76 சதவீதத்தைத் திருப்பிவிடும். மிச்சத்தை 4-ஆல் வகுத்தால் 156 வாட். பூமிக்கு 1,361 வாட்டில் 30 சதவீதம் கழித்து, 4-ஆல் வகுத்தால் 238. ஆக, பூமியைவிடக் குறைவான வெயிலைத்தான் வெள்ளி உள்வாங்குகிறது!

இந்த எண்ணை 5.67×10⁻⁸-ஆல் (வெப்பநிலையையும் வெளிவிடும் கதிர்வீச்சையும் இணைக்கும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் மாறிலி) வகுத்து நான்காம் மூலம் எடுங்கள். வெள்ளிக்கு 229 கெல்வின் (மைனஸ் 44 செல்சியஸ்), பூமிக்கு 255 (மைனஸ் 18). பலர் கோட்டைவிடுவது அந்த 4-ல்தான். வெயிலைப் பிடிப்பது வட்டப் பரப்பு, வெப்பத்தை விடுவது முழுக் கோளப் பரப்பு. கோளப் பரப்பு வட்டப் பரப்பைப் போல 4 மடங்கு. வகுக்க மறந்தால் பூமிக்கு 87 டிகிரி வந்து நிற்கும்.

கேள்வி: மீதி 500 டிகிரி அழுத்தத்தால் வருவதுதானே? பூமியைப் போல 90 மடங்குக்கு மேல் ஆயிற்றே.

இல்லை. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பு சுடும். அடித்து முடித்த டியூப் அழுத்தம் குறையாமலே ஆறிவிடும். தொடர்ந்து சூடாக இருக்க, வெப்பம் வெளியேறுவது தடைபட வேண்டும். வெள்ளியின் காற்றில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. தரையின் அகச்சிவப்புக் கதிர் நேராக வெளியே போக முடியாது. சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. மைனஸ் 44 என்பது அந்த உயரத்துக்கான வெப்பநிலை. அங்கிருந்து இறங்க இறங்க கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 டிகிரி கூடும். பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ தரை வெப்பம் வந்துவிடும். அழுத்தத்துக்கும் பங்கு உண்டு: வாயு உறிஞ்சும் அலைநீளப் பட்டைகளை அது அகலமாக்குகிறது.

கேள்வி: செவ்வாயிலும் 95 சதவீதம் அதே வாயு. அங்கே மட்டும் ஏன் மைனஸ் 60?

சதவீதத்தை நம்பாதீர்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் 1 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே 150 கிலோவுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. பூமியில் 6 கிலோ சொச்சம்தான். அப்படியிருந்தும் காற்றால் செவ்வாய்க்குக் கூடுவது ஏறக்குறைய 5 டிகிரி, பூமிக்கு 33. மெல்லிய காற்றில் மூலக்கூறுகள் மோதிக்கொள்வது குறைவு. வாயு உறிஞ்சும் அலைநீளக் கோடுகள் ஒடுங்கி, இடைவெளிகளில் வெப்பம் நழுவிவிடும். பூமியில் பெரும்பங்கு வேலை பார்க்கும் நீராவியும் அங்கே இல்லாத குறைதான்.

கேள்வி: காற்று குளிர வைப்பதும் உண்டா?

உண்டு. உதாரணம், சனியின் துணைக்கோள் டைட்டன். மேலே உள்ள புகைமூட்டம் 9 டிகிரி குறைக்கிறது; கீழே நைட்ரஜனும் மீத்தேனும் 21 டிகிரி கூட்டுகின்றன. நிகர லாபம் 12. தரை மைனஸ் 179.