தொட்டுப் பார்க்கும் முன் கேட்டுப் பார்ப்பது

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று என் மகளை என் தம்பிக்கே மணமுடித்துக் கொடுத்தோம். சென்ற மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலையில் வந்த குழந்தை மருத்துவர், குழந்தையைத் தொடுவதற்கு முன்பே கால் மணி நேரம் கேள்விகளாகக் கேட்டார். சொந்தத்தில் திருமணமா, இதற்கு முன் கரு கலைந்ததா, பனிக்குடம் எப்போது உடைந்தது என்றெல்லாம் வார்டில் பத்துப் பேர் காதில் விழும்படி விசாரித்தார். 28 ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பிறந்து ஐந்தாம் நாள் இறந்துபோன மகனைப் பற்றியும் அவர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேரன் நன்றாக இருக்கிறான். இந்தப் பழங்கதையெல்லாம் எதற்கு?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டது தவறு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கரு கலைந்ததைப் பற்றித் தாயிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும், ஏனெனில் உறவினர் சூழ்ந்திருக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் உறவினருக்கான பதிலே. ஆனால் கேள்விகள் தேவையானவை. அவற்றுள்ளும் உங்களை அழவைத்த கேள்வியை நான் எந்நாளும் விட்டுவிட மாட்டேன்.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் உடற்கழிவுகளை நச்சுக்கொடி வழியாகத் தாயின் உடலே அகற்றிவிடுகிறது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான், புரதம் சிதைந்து உண்டாகும் அம்மோனியாவைக் குழந்தையின் சொந்தக் கல்லீரல் யூரியாவாக மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்குத் தேவையான நொதிகளில் ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றொன்றைக் கொண்டு பெரும்பாலும் சமாளித்துக்கொள்வாள்; ஆணுக்கு இருப்பது ஒன்றே. ஆகவே அந்த ஒன்றில் பழுதுள்ள ஆண் குழந்தை பிறந்த அன்று நன்றாகப் பால் குடித்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமின்றித் துவண்டு, பாலை மறுத்து, வாந்தியெடுத்து, வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். பார்ப்பதற்குக் கிருமித்தொற்றைப் போலவே இருக்கும். முதல் நாள் பரிசோதனையில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாயின் உடன்பிறந்த ஆண் குழந்தை ஏதேனும் முதல் வாரத்தில் இறந்ததா என்ற கேள்வி ஒன்றே முன்கூட்டி எச்சரிக்கும். நீங்கள் இழந்த மகன் உங்கள் மகளின் உடன்பிறந்தவன் அல்லவா?

இதைப் படித்து அஞ்ச வேண்டாம். முதல் வார இறப்புகளுக்குக் கிருமித்தொற்று, குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஆகியவையே மிகுதியான காரணங்கள்; இந்த நொதிக் குறைபாடு அரியது. ஆனால் உங்கள் மகன் முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்துவிட்டுப் பிறகு துவண்டானா, காய்ச்சல் இருந்ததா, உடல் மஞ்சளாயிற்றா என்பதை நினைவுகூர்ந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இக்குறைபாட்டின் மிதமான வகைகள் சில மாதங்கள் கழித்தும் வெளிப்படுவதுண்டு. எனவே பேரன் எப்போதாவது வாந்தியோடு அளவுமீறி உறங்கினால், மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது இந்தச் செய்தியைத்தான். அம்மோனியா அளவைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதே தோன்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது தாய்வழியாக வருவது. உங்கள் மகள் யாரை மணந்திருந்தாலும் வந்திருக்கக்கூடியது. சொந்தத்தில் திருமணமா என்ற கேள்வி வேறு காரணத்துக்காகக் கேட்கப்படுகிறது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் ஏறத்தாழ 4-ல் 1 பங்கு பொதுவானது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் 8-ல் 1 பங்கு. ஒரே பழுது இருவரிடமும் ஒளிந்திருந்து குழந்தையிடம் சேர்ந்துவிடும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்றாலும், பிறவிக் காதுகேளாமையும் இப்படி வரக்கூடும் என்பதால் செவித்திறன் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற கேள்விகளும் மருத்துவரின் கையும் கண்ணும் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவையே. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகிப் பிறந்திருந்தால் தொற்று வரக்கூடும் என்று குழந்தையைக் கண்காணிப்போம். தாய்க்குச் சர்க்கரை இருந்திருந்தால் குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும் என்பதால் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்போம். கால் முன்னே வரும்படி கிடந்த குழந்தை என்றால் இடுப்பு மூட்டை இருமுறை சோதிப்போம். தாய்மாமன்மார் எவருக்கேனும் சில மாத்திரைகளால் மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்று நான் கேட்பதுண்டு. ஆம் என்றால், அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்த பழஞ்சேலையில் குழந்தையைச் சுற்ற வேண்டாம் என்பேன். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த குழந்தைக்கு அந்த வாடையே இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும்.

கேள்வி: எனக்கு 15 வயது முதல் வலிப்பு நோய் உண்டு, மாத்திரை சாப்பிட்டுவருகிறேன். கணவர் வீட்டாருக்குத் தெரியாது. இப்போது எட்டாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தையின் மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவரிடம் சொல்வது வேறு, வீட்டாரிடம் சொல்வது வேறு. அடுத்த பரிசோதனையின்போது, தனியாகப் பேச வேண்டும் என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். துணைக்கு வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்வது அவர் பொறுப்பு. மாத்திரையின் பெயரையும் அளவையும் குழந்தை மருத்துவருக்குத் தெரிவிக்கும்படி அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் முக்கியம். ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின் ஆகியவை குழந்தையிடம் வைட்டமின் கே-யைக் குறைத்து முதல் நாளிலேயே இரத்தக் கசிவை உண்டாக்கலாம். ஆகவே பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி தவறவே கூடாது. வால்புரோயேட் என்றால் முதுகுத்தண்டையும் இதயத்தையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். குழந்தை மந்தமாகவோ நடுக்கத்தோடோ இருந்தால், மாத்திரையின் விளைவா வேறு நோயா என்று பிரித்தறியவும் இந்தச் செய்தி வேண்டும். குழந்தைக்குக் கெடுதல் என்று அஞ்சி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; வலிப்பு வந்தால் இருவருக்கும் ஆபத்து. இம்மருந்துகளை உண்ணும் தாய்மாரில் பெரும்பாலோர் தாய்ப்பால் கொடுக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் தூக்கம் கெடுவதால் வலிப்பு வரக்கூடும். கட்டிலில் அன்றித் தரையில் பாய் விரித்து அமர்ந்து பால் கொடுங்கள். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டாதீர்கள். அதற்கு உடனிருக்கும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் உங்கள் தாயா, கணவரா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். பிரசவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.