பனைமரத்தில் நெறி கட்டினால்

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. சரவாங்கி என்ற மூட்டு வாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்று மருந்துக்கடைத் தம்பி சொன்னார். "எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான் நோயே வந்திருக்கு, இருக்கறதையும் குறைக்கவா மாத்திரை?" என்று மாமியார் கேட்கிறார். எதிர்ப்பு சக்தி கூடும் என்று சீந்தில் கொடிப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. இது அச்சாகி வருவதற்குள் நிறுத்தியிருந்தால் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது எங்கள் தவறு.

சின்ன வயதில் காலில் கருவேல முள் ஏறியிருக்கும், நினைத்துப் பாருங்கள். மறுநாள் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கித் தெறிக்கும். முள்ளோடு உள்ளே போன கிருமியைக் கண்டதும் அங்கே காவல் இருக்கும் செல்கள் ரசாயனங்களை விடுகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது, அதுதான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது, அதுதான் வீக்கம். அந்த இடுக்கு வழியாக வெள்ளையணுக்கள் வெளியே வந்து கிருமியை விழுங்கிவிட்டுச் செத்துப்போகின்றன. சீழ் என்று நாம் பிதுக்கி எடுப்பதில் பெரும்பகுதி அப்படிச் செத்த வெள்ளையணுக்களே. ஒன்றிரண்டு நாளில் அரையில் நெறி கட்டும், பாட்டி உப்பு ஒத்தடம் கொடுப்பார். நெறி என்பது நிணநீர் முடிச்சு. காலில் பிடிபட்ட கிருமியின் துணுக்குகள் அங்கே வந்து சேரும். அந்தத் துணுக்குக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு செல் கிடைத்ததும் அது ஒன்று பலவாகப் பெருகும். விரலில் தட்டுப்படும் கட்டி அந்தப் பெருக்கத்தால் வருவது.

(முள்ளுக்கும் இந்த அறிவியலுக்கும் பழைய உறவு உண்டு. 1882-ல் சிசிலித் தீவில் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு நட்சத்திர மீன் குஞ்சின் கண்ணாடி போன்ற உடம்புக்குள் சின்ன முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் அந்த முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.)

இப்போது உங்கள் விரல் மூட்டுக்கு வருவோம். அதே சிவப்பு, அதே சூடு, அதே வீக்கம். ஆனால் அங்கே முள் இல்லை. கிருமியும் இல்லை. உங்கள் மூட்டின் உள்சவ்வையே அந்நியன் என்று நினைத்து வெள்ளையணுக்கள் அங்கே கூடியிருக்கின்றன. மெல்லிய படலமாக இருக்க வேண்டிய சவ்வு தடித்து, குருத்தெலும்பை அரிக்கிறது. விட்டால் எலும்பையும் அரிக்கும். உங்களுக்குச் சக்தி குறையவில்லை அம்மா. சொந்த ஆளை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தச் சண்டையில் சக்தியைக் கூட்டினால் அடி உங்கள் விரலுக்குத்தான் விழும்.

ஏன் அடையாளம் தவறுகிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்களில் ஒரு பகுதி அங்கே போய்ப் பரீட்சை எழுதுகின்றன. உடம்பின் சொந்தப் புரதங்களை அங்கே அவற்றிடம் காட்டுவார்கள். எந்தச் செல் அதை இறுக்கிப் பிடிக்கிறதோ, அது அங்கேயே அழிக்கப்படும். எதையுமே அடையாளம் காணத் தெரியாததும் அழிந்துவிடும். உள்ளே போகும் நூறில் ஐந்துகூட வெளியே வருவதில்லை. அவ்வளவு கண்டிப்பு! அப்படியும் சில தப்பித்து வந்துவிடும். அவற்றைக் கட்டிப்போட ரத்தத்திலேயே இன்னொரு வகைச் செல் சுற்றுகிறது. அதை 1995-ல் இனம்காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சாகாகுச்சிக்கும், அது உருவாகத் தேவையான மரபணுவைக் கண்டுபிடித்த மேரி புருன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் சேர்த்து 2025-ல் நோபல் கொடுத்தார்கள். அடிக்கும் செல்லைப் போலவே அடக்கும் செல்லும் முக்கியம் என்பது நம் வீட்டுப் பேச்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

என் அம்மாவுக்கும் சரவாங்கி இருந்தது. அதனால் இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல. மார்கழியில் கோலம் போட உட்காருவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேராது, மாவு கோடாக விழாமல் கொட்டிப்போகும். நான் வந்து கம்பியை இழுத்து முடிப்பேன். பக்கத்து ஊரில் ஒருவர் பொட்டலமாகப் பொடி கொடுப்பார் என்று கூட்டிப்போனார்கள். மூன்றே நாளில் அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்தார். முகம் பூரித்து வட்டமாக வந்தது, "உடம்பு தேறிட்டா" என்று தெருவே சந்தோஷப்பட்டது. எட்டு மாதம் கழித்து ஒரு பண்டிகை வாரத்தில் பொடி தீர்ந்துவிட்டது. நான்காம் நாள் வாந்தி, கிறுகிறுப்பு. பாயை விட்டு எழவே முடியவில்லை. மருத்துவம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பொடியில் இருந்தது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் இதே நோயில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு அதை முதலில் கொடுத்தார். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். இன்றும் உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் வெளியிலிருந்து தொடர்ந்து வரும்போது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. திடீரென்று விட்டால் உடம்பில் இரண்டுமே இருக்காது. என் அம்மாவுக்கு நடந்தது அதுதான். உங்கள் சீட்டில் ஸ்டீராய்டும் இருந்தால், டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட் என்று நீங்கள் அனுப்பிய சீட்டில் பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமை. அட்டையின் மேல் பேனாவால் "ஞாயிறு" என்று பெரிதாக எழுதி வையுங்கள். பிரஷர் மாத்திரை மாதிரி தினமும் போட்டுவிட்ட ஒரு பாட்டியை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். வாய் முழுக்கப் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, வெள்ளையணு ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் அவரைக் காப்பாற்றப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாதீர்கள். ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும்.

சீந்தில் பொடி வேண்டாம். 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. உங்கள் மாத்திரையும் கல்லீரலைத் தொடுகிற மாத்திரை என்பதால் நான் கவனமாக இருக்கவே சொல்வேன். மாமியாரின் மிளகு ரசத்தைத் தாராளமாகக் குடியுங்கள். அவர் அக்கறையில்தான் வாங்கித் தந்திருக்கிறார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்களேன்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 11,400 என்று வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே இல்லை.
— வாசகர், கோவில்பட்டி

பதில்: வழக்கமான அளவு 4,000 முதல் 11,000. ஒரு சளி, ஒரு பல் வீக்கம் போதும், இந்த எண் தாண்டிவிடும். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சரியாக இருப்பதை ரிப்போர்ட்டில் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தூங்குங்கள் ஐயா.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மூன்று வாரம் முன்பு தொண்டை வலி வந்து தானாகப் போனது. அப்புறம் முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. இதயத்தை எக்கோ எடுத்தார்கள். 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில் என்கிறார்கள். தொண்டைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறாளே?
— ஒரு தகப்பன், தருமபுரி

பதில்: தென்னைமரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டுமா என்று கேட்பார்கள். உங்கள் மகள் விஷயத்தில் கட்டிவிட்டது. தொண்டைக்கு வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அதன் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம், நம் இதயத்தில் இருக்கும் புரதத்தின் சாயலில் இருக்கிறது. கிருமியை அடிக்க உடம்பு செய்த ஆயுதம், கிருமி போன பிறகு அந்தச் சாயலைப் பார்த்து இதய வால்வைத் தாக்குகிறது. தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால்தான் தொண்டை வலி மறந்த பிறகு மூட்டு வீங்கியது. கீல்வாதக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் சொல்வார்கள். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும்; வால்வு அப்படி ஆறாது.

இப்போது ஓடி விளையாடுவதைப் பார்த்து ஊசியை விட்டுவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதே கிருமி திரும்ப வந்தால் வால்வு மறுபடி அடி வாங்கும். அது வராமல் தடுக்கத்தான் ஊசி. இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 18 வயது வரை, எது நீண்டதோ அது. வால்வில் பாதிப்பு இருந்தால் அதைவிட நீண்ட காலம். 25 வயதில், பிரசவ நேரத்தில், சுருங்கிய வால்வோடு மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி வலிக்கும், உண்மைதான். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம், அதனால் எப்போதும் ஒரே கிழமையில் வரும். சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பள்ளியும் கெடாது. காலண்டரில் இந்த வருடத்துக்கான தேதி எல்லாவற்றையும் இன்றே அவள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: விடுதியில் என் அறைத்தோழிக்கு லூபஸ். எதிர்ப்பு சக்தி நோய் என்றதும் எய்ட்ஸ் மாதிரியா என்று சிலர் கேட்கிறார்கள். அவளோடு சேர்ந்து சாப்பிட யோசிக்கிறார்கள். ஒட்டுமா?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுங்கள். லூபஸில் உடம்பு தன்னையே தாக்குகிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க அதில் கிருமி எதுவும் இல்லை. இந்த நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் உங்கள் வயதில்தான் நிறையப் பேருக்குத் தொடங்குகிறது. எச்.ஐ.வி. நேர் எதிர். எதிர்ப்பு மண்டலத்துக்குக் கட்டளையிடும் செல்களையே அந்த வைரஸ் கொல்கிறது. அதுவும் தட்டில், டம்ளரில், தொடுவதில் பரவாது. இந்தியாவில் அது இருப்பதை 1986-ல் முதலில் கண்டறிந்ததே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிறது, இன்னும் தட்டைப் பற்றிக் கேள்வி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் தோழிக்கு வெயில் ஆகாது. திருநெல்வேலி வெயிலில் வகுப்புக்கு நடக்கும்போது குடையும் முழுக்கைச் சட்டையும் இருக்கட்டும். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தள்ளிப்போடாமல் அவளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சிறுநீரகத்தை லூபஸ் தொடுவது வலியில்லாமல்தான் தொடங்கும்.